இருபத்தொரு அலைக் காசு

786
மயிலாப்பூர்
7-7-2025

அன்புள்ள கிச்சாவுக்கு,

வலியுல்லா எழுதுவது. யாரிடமும் சொல்லி எழுதி வாங்கவில்லை. என் கையால் நானே எழுதுகிறேன். நம்பிக்கை வராவிட்டால் எழுத்துகளைப் பார். புதிதாகத் தைக்க வந்தவன் போட்ட தையல்போல ஒன்று பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் ஓடும்.

நான் நலம். நீ நலமா என்று அடுத்து கேட்க வேண்டும் என்று அன்புக்கரசி டீச்சர் சொன்னார். கேட்டுவிட்டேன். ஆனால் நீ நலமாகத்தான் இருக்கிறாய். போன் அடித்தால் இரண்டாவது மணியிலேயே வெட்டிவிடுகிறாய். உடம்பு முடியாதவனுக்கு அவ்வளவு வேகம் வராது.

போன மாதம் ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல உன் வீட்டுக்கு வந்தேன். பூட்டியிருந்தது. எதிரே இஸ்திரி போடுகிறவர், "ஐயரு புள்ள வூட்டுக்குக் கொட்டிவாக்கம் பூட்டாரே பாய், உனுக்குச் சொல்லலியா?" என்று கேட்டார். எனக்கு வெட்கமாகிவிட்டது. தெரியும், மறந்துவிட்டேன் என்று சொல்லி நடையைக் கட்டினேன்.

உன் கோபம் எதற்கென்று எனக்குத் தெரியும். மாநகராட்சிப் பள்ளியில் முதியோருக்கு மாலை வகுப்பு நடக்கிறது. ஒரு வருஷமாகப் போகிறேன். உன்னிடம் சொல்லவில்லை. யாரோ உன் காதில் போட்டுவிட்டார்கள். எழுபது வயதில் பாதியில் விட்டுவிட்டால் நீ கேலி செய்வாய் என்றுதான் மறைத்தேன். வேறு காரணம் இல்லை.

இதில் ஒரு வேடிக்கை. நம் சதுர ஓட்டைக் காசில் இருக்கும் நான்கு ஜப்பான் எழுத்துகளும் எனக்கு முப்பது வருஷப் பழக்கம். மேலே, கீழே, வலது, இடது என்று வரிசை மாறாமல் கன்-எய்-த்சூ-ஹோ என்று சொல்வேன். "அ" எனக்குப் போன வருஷம்தான் அறிமுகம். முதலில் முழுதாகப் படித்தது எங்கள் தெருமுனைச் சுவர். "இங்கே குப்பை கொட்டாதே." அதன் கீழே ஒரு லாரி குப்பை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஸ்வர்ணலதா கொடுத்த காசு என்ன ஆயிற்று? உனக்குத் தெரிந்த கதைதான். ஆனால் எழுதிப் பார்க்க ஆசையாக இருக்கிறது. கோடம்பாக்கத்தில் நான் சினிமாவுக்கு உடை தைத்த காலத்தில் ஒரு நடனக் காட்சிக்கு யாரோ ஒரு மூட்டை ஜப்பான் காசு கொண்டுவந்து கொட்டினார்கள். நடுவில் ஓட்டை இருப்பதால் இடுப்புப் பட்டையில் தைக்கச் சுலபம். எனக்குக் காசுப் பைத்தியம் பிடித்தது அன்றுதான். அந்தக் காட்சியில் ஆடிய ஸ்வர்ணலதா தன் பட்டையை இத்தனை காலம் பெட்டியில் வைத்திருந்து, மே மாதம் என்னிடம் கொடுத்தார். பிரித்துப் பார்த்தால் ஒரு காசின் முதுகில் அலைகள் நெருக்கமாக இருக்கின்றன. முதுகை உள்பக்கம் வைத்துத் தைத்தவன் நானேதான், அதனால் அன்று கண்ணில் படவில்லை. நாம் வைத்திருக்கும் மற்ற 'நான்கு மோன்' மதிப்புக் காசுகளில் எல்லாம் பதினோர் அலை. இதை எண்ணினால் எனக்கு ஒரு தடவை இருபது வருகிறது, ஒரு தடவை இருபத்திரண்டு. கறுப்பு ஏறி அலையோடு அலை ஒட்டிக் கிடக்கிறது. பூதக்கண்ணாடி வைத்து எண்ணிச் சொல்கிறேன் என்று வாங்கிப் போனாய். அதற்குப் பிறகு உன்னைக் காணோம்.

ஆகஸ்ட் 24 ஞாயிறு தி. நகரில் நாணயக் கண்காட்சி. சங்கச் செயலாளர் சேரன் கறாராகச் சொல்லிவிட்டார். "டேபிள் ரெண்டு பேர் பேர்ல இருக்கு பாய். ரெண்டு பேரும் வந்து நிக்கணும். இல்லேன்னா வெயிட்டிங்ல இருக்கறவங்களுக்குத் தூக்கிக் குடுத்துருவேன்."

நீ இல்லாமல் நான் நிற்கமாட்டேன். வருவாயா, மாட்டாயா? அதை மட்டும் எழுது.

உன்
வலியுல்லா


உ
கொட்டிவாக்கம்
14-7-2025

அன்புள்ள வலியுல்லாவுக்கு,

உன் கடிதத்தை முதலில் நீதான் எழுதினாயா என்று பார்க்கப் படித்தேன். பிறகு என்ன எழுதியிருக்கிறாய் என்று தெரிந்துகொள்ளப் படித்தேன். நேற்று ராத்திரி சாப்பிட்ட பிறகும் எடுத்துப் படித்தேன். அது எதற்கென்று தெரியவில்லை.

வகுப்பு விஷயம் யாரும் என் காதில் போடவில்லை. நீ எழுதித்தான் தெரிந்தது. ஆகவே அதனால் எனக்குக் கோபம் என்று நினைக்காதே. ஆனால் தெரிந்த பிறகு கொஞ்சம் கோபம் வந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு வருஷம் ஞாயிறுதோறும் என் எதிரில் உட்கார்ந்து, காசுகளுக்கு நான் எழுதுகிற விவரச் சீட்டுகளைப் பார்த்து, ஒன்றும் தெரியாதவன்போலத் தலையாட்டியிருக்கிறாய். நல்ல நடிப்பு. கோடம்பாக்கத்தில் உன்னைத் தையல் இயந்திரத்தின் முன் உட்காரவைத்தது அவர்கள் செய்த தப்பு.

காசை எண்ணினேன். இருபத்தொன்று. ஊசி முனையை ஒவ்வோர் அலையாக நகர்த்தி எண்ணினேன், சந்தேகமே இல்லை. 1768-இல் முதன்முதலாக நான்கு மோன் காசை வார்த்தபோது இருபத்தொரு அலை வைத்தார்கள். அவ்வளவு நெருக்கமாக வார்ப்பது சிரமம் என்று அடுத்த வருஷமே பதினொன்றாகக் குறைத்துவிட்டார்கள். பதினோர் அலை எங்கும் கிடைக்கும். இது அபூர்வம். உன் கண் சரியாகத்தான் பிடித்திருக்கிறது.

இங்கே வந்தது மகன் ஸ்ரீநாத் கூப்பிட்டதால். எனக்கு முழங்கால் வலி. கண்காட்சிக்கு வர இயலாது. சங்கத்து பீர் முஹம்மதுவைச் சேர்த்துக்கொள், நான் சேரனிடம் பேசுகிறேன். அந்தக் காசை இந்த வருஷம் வைக்க வேண்டாம். காரணம் கேட்காதே.

ஜானு சௌக்கியம். புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொள்வதில்லை, அது வேறு விஷயம்.

இப்படிக்கு
கிருஷ்ணன்


786
மயிலாப்பூர்
19-7-2025

அன்புள்ள கிச்சாவுக்கு,

இருபத்தொன்று! தபால்காரர் கையிலிருந்து வாங்கி அங்கேயே நின்று படித்தேன். அந்த வார்த்தை வந்ததும் அவரிடமே சொன்னேன். "நல்லது தாத்தா" என்று சொல்லிவிட்டுப் போனார். மீன்காரம்மாவிடம் சொன்னேன். டீச்சரிடம் சொன்னேன். அவர் என்னை எழுந்து நின்று வகுப்புக்கு விளக்கச் சொன்னார். கரும்பலகையில் அலை போட்டுக் காட்டினேன். பதினான்குக்கு மேல் இடம் இல்லை.

ஸ்வர்ணலதாவுக்கும் போன் போட்டேன். "இன்னா மாஸ்டர் சொல்ற? அபூர்வத்த இடுப்புல கட்டிக்கினுதான் அம்மாங் கஷ்டப்பட்டு ஆடிகினு இருந்தேனா? அன்னிக்கே சொல்லக் கூடாதா, மொத வரிசையில நிக்க வெக்கச் சொல்லியிருப்பேனே!" என்று ஒரே சிரிப்பு.

பீர் முஹம்மது நல்ல மனிதர். ஆனால் அவர் விக்டோரியா ராணி காசு சேர்க்கிற ஆள். நம் காசுகளை "வாஷர்" என்று சொல்கிறவரோடு நான் ஒரு நாள் முழுக்க எப்படி நிற்பது?

இன்னொரு விஷயம் கேட்க வேண்டும். நீ இத்தனை வருஷம் எழுதிய சீட்டுகளை எல்லாம் எடுத்து உட்கார்ந்து படித்தேன். இரண்டு நாள் ஆயிற்று. ஒவ்வொன்றும் முடிந்ததும் டீ குடித்தேன். விளிம்பு உடைந்த ஒரு காசு உண்டே, நான் யார் வந்தாலும் முதலில் கையில் கொடுத்துப் பெருமைப்படுவேனே, அதன் கீழே "மிகச் சாதாரணம், நிலைமை மோசம்" என்று எழுதியிருக்கிறாய். நான் அதைத் தூக்கிக் காட்டும்போதெல்லாம் மக்கள் ஏன் ஒருமாதிரி சிரித்தார்கள் என்று இப்போதுதான் புரிகிறது. நீ ஒரு வார்த்தை சொல்லவில்லையே, பாவி.

கறுப்பு வெல்வெட் தயார். எப்போதும்போல ஓட்டைக்குள் பட்டுநூல் விட்டு எல்லாவற்றையும் தைத்துவிட்டேன். நடுவில் ஓர் இடம் காலியாக இருக்கிறது. காசை அனுப்பு, அல்லது நீயே எடுத்து வா.

காரணம் கேட்காதே என்றாய். கேட்கவில்லை. ஜானு அம்மாவோடு ஏன் பேச்சு இல்லை?

உன்
வலியுல்லா


786
மயிலாப்பூர்
3-8-2025

அன்புள்ள கிச்சாவுக்கு,

நீ பதில் போடவில்லை. ஆனால் பதில் வந்துவிட்டது. நேற்று ஜானு அம்மா என் வீட்டுக்கு வந்தார்கள்.

கபாலி கோயிலுக்குப் போவதாக ஸ்ரீநாத்திடம் சொல்லிவிட்டு வந்தார்களாம். வாசலிலேயே நின்றார்கள். "உள்ளே வரலாமா பாய்? நான் ஒரு பாவம் பண்ணிட்டேன்" என்றார்கள்.

"வாங்கம்மா, இன்னா பெரிய வார்த்தை பேசுறீங்க" என்று உட்காரவைத்தேன். மருமகள் வஜீஹா டீ போடட்டுமா என்று கேட்டாள். "காபின்னா குடு, டீ எனக்கு ஆகாது" என்றார்கள். பாவம் செய்தவர்கள் பானம் பார்த்துக் கேட்கமாட்டார்கள் என்பதால் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது.

பிறகு கைக்குட்டையைப் பிரித்தார்கள். கிச்சா, நான் முதலில் அதை நம் காசென்று நினைக்கவில்லை. புதுச் சட்டைப் பொத்தான் என்று நினைத்தேன்.

அவர்கள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அபூர்வமான காசு, ஒரு வெள்ளிக்கிழமை ஸ்வாமி முன்னாடி இருக்கட்டும்னு இவர்தான் தட்டுல கொண்டுவந்து வெச்சார். எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை. வியாழக்கிழமை சாயங்காலம் குத்துவிளக்கு, மணி எல்லாத்தையும் புளி போட்டுத் தேய்க்கறச்சே இதுவும் கன்னங்கரேல்னு கிடந்தது. பித்தளைதானேன்னு இதையும் சேத்துத் தேச்சுட்டேன். எத்தனை பளிச்சுன்னு வந்தது தெரியுமா பாய்? ஆசையா கொண்டுபோய்க் காமிச்சேன். அப்படியே தரையில உக்காந்துட்டார். 'பாய் மூஞ்சில எப்படிடீ முழிப்பேன்'னு ஒரு கத்தல். மறுநாளே பெட்டியைக் கட்டிட்டார். அன்னியிலேர்ந்து எங்கிட்ட பேச்சு இல்லை."

எனக்கு வயிறு எரிந்தது. இல்லையென்று எழுதினால் பொய்யாகிவிடும். அந்தக் காசு தேன் நிறமும் கறுப்புமாக, அலைகளின் பள்ளத்தில் மட்டும் இருட்டாக இருந்தது உனக்குத் தெரியும். அத்தனை தலைமுறை கைபட்டு ஏறிய நிறம் ஒரு உருண்டைப் புளியில் போய்விட்டது. காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அப்போது வஜீஹா காபியோடு வந்து எட்டிப் பார்த்து, "மாமா, தங்கமா?" என்று கேட்டாள். ஜானு அம்மாவுக்கு அழுகை வந்துகொண்டிருந்தது, அதோடு சிரிப்பும் வந்துவிட்டது. எனக்கும்தான்.

அவர்கள் போனபின் காசை ஜன்னலுக்குக் கொண்டுபோனேன். பூதக்கண்ணாடி இல்லாமல் எண்ணினேன். இருபத்தொன்று. திரும்ப எண்ணினேன். இருபத்தொன்று. என் கண்ணுக்கு அது சரியாக வந்தது நேற்றுத்தான். அதனால் எல்லாம் நன்மைக்கே என்று சொல்ல வரவில்லை. காசு கெட்டது உண்மை. அலை தெரிந்ததும் உண்மை. இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு இருட்டும்வரை உட்கார்ந்திருந்தேன்.

அம்மாவோடு பேசு. அவர்கள் மேல் என்ன தப்பு? வியாழக்கிழமை பித்தளை தேய்க்கிற வீட்டில் பித்தளையைக் கொண்டுபோய் வைத்தவன் நீ.

என் மேல் கோபம் என்று நினைத்து ஒரு மாதம் தூங்காமல் இருந்தேனே, அதற்கு ஈடாக நீ ஒன்று செய்ய வேண்டும். 24-ஆம் தேதி வா.

உன்
வலியுல்லா


உ
கொட்டிவாக்கம்
8-8-2025

அன்புள்ள வலியுல்லாவுக்கு,

உன் கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு சமையலறைக்குப் போய், "காபி இருக்கா?" என்று கேட்டேன். ஜானு திரும்பிப் பார்க்காமல், "பாய் ஆத்துல காபி நன்னாவே போடறா. அங்க போய்க் கேளுங்கோ" என்றாள். பிறகு போட்டுக் கொடுத்தாள். சர்க்கரை இல்லை. ஆனாலும் குடித்தேன்.

நீ எழுதியது சரி. தட்டில் வைத்தது நான். ஒவ்வொரு நாளும் உனக்குப் போன் செய்ய எண்ணை அழுத்துவேன், கடைசி எண்ணில் நிறுத்திவிடுவேன். நீ கூப்பிட்டால் கை தானாக வெட்டிவிடும். பழையபடி கறுக்கவைக்க மருந்து கிடைக்கிறது, அதையும் யோசித்தேன். அது ஊரை ஏமாற்றுகிற வேலை. இங்கே பால்கனியில் கடல் காற்றில் வைத்தால் தானாக நிறம் ஏறுமோ என்று ஒரு நாள் வைத்தேன். இரும்புக் கம்பியை உப்புத் தின்றிருப்பதைப் பார்த்ததும் ஓடிப்போய் எடுத்துவிட்டேன். பச்சை பூத்தால் அலையும் மிஞ்சாது.

நீ என்னை மன்னித்துவிட்டாய் என்று தெரிகிறது. கண்காட்சி வேறு. சங்கத்தில் என் பெயர் என்னவென்று உனக்குத் தெரியாதா? "துலக்காதே கிச்சா." புதிதாக வருகிற ஒவ்வொருவனையும் நிறுத்தி, காசைத் துலக்குவது கொலைக்குச் சமம் என்று பிரசங்கம் செய்தவன் நான். ஒரு டாக்டர் வெள்ளிக் காசைப் பல்பொடி போட்டுத் தேய்த்துக்கொண்டு வந்தார் என்று எல்லோர் முன்னாலும் கேட்ட கேள்வியில் அவர் சங்கத்துக்கு வருவதையே நிறுத்திவிட்டார். அந்த மண்டபத்தில், நம் மேசையில், நடுவில், புளி போட்டுத் தேய்த்த காசு! என்னால் முடியாது, வலியுல்லா.

ஒன்று செய். என்னிடம் ஜப்பானின் மெய்ஜி பேரரசர் காலத்து 'இரண்டு சென்' மதிப்புள்ள செம்புக் காசுகள் ஒரு ஜோடி இருக்கின்றன. ஒரே வருஷம்; ஒன்றில் டிராகன் செதில் சதுரம், மற்றதில் முனை கூராக இறங்கும். இரண்டையும் உனக்கே தந்துவிடுகிறேன். அவற்றை நடுவில் வை. இந்தக் காசைப் பெட்டியில் போட்டுவிடு. பீர் முஹம்மதுவோடு நின்றுகொள்.

கிச்சா


786
மயிலாப்பூர்
17-8-2025

அன்புள்ள கிச்சாவுக்கு,

உன் டிராகன்களுக்கு நடுவில் ஓட்டை இல்லை. நான் நூலை எங்கே விடுவேன்? அவை உன்னிடமே இருக்கட்டும். ஈடு கேட்டு நான் கடிதம் எழுதவில்லை.

இருபத்தொரு அலையை நடுவில் தைத்துவிட்டேன். மஞ்சள் பட்டு நூல். அலைப் பக்கம் மேலே. இந்தத் தடவை முதுகை உள்ளே வைத்து மறைக்கவில்லை.

சேரன் வந்து பார்த்தார். "கிச்சா சாருக்குத் தெரியுமா?" என்று கேட்டார். தெரியும் என்றேன். "அவர் வருவாரா?" என்றார். வருவார் என்றேன். இரண்டு பேர் பெயரையும் எழுதிக்கொண்டு போய்விட்டார். ஆகவே நீ வராவிட்டால் மேசை போய்விடும். நான் தைத்த துணியைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவேன். அவ்வளவுதான். அழமாட்டேன், பயப்படாதே.

சீட்டு எழுதியாயிற்று. மற்ற சீட்டுகள் எல்லாம் உன் பழைய சீட்டுகளே. நடுவில் இருப்பது மட்டும் நான் எழுதியது. ஒரு வாரம் ஆயிற்று. பத்துப் பதினைந்து அட்டைகள் வீணாயின. வஜீஹா பார்த்துவிட்டுச் சிரித்தாள், பிறகு என்ன நினைத்தாளோ, உள்ளே போய்விட்டாள். அதில் என்ன இருக்கிறது என்று இங்கே எழுதமாட்டேன். வந்து படித்துக்கொள்.

நீ மானம் போய்விடும் என்று பயப்படுகிறாய். நியாயம்தான். ஆனால் ஒன்று யோசித்துப் பார். முப்பது வருஷம் நீ எழுதினாய். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலே நான் அதன் பின்னால் நிமிர்ந்து நின்றேன். "நிலைமை மோசம்" என்ற சீட்டுக்குப் பின்னாலும் நின்றேன். உன்னை நம்பித்தான் நின்றேன். இப்போது நான் எழுதியிருக்கிறேன். அதன் பின்னால் நீ வந்து நில்.

மண்டபம் பத்து மணிக்குத் திறக்கும்.

உன்
வலியுல்லா


உ
கொட்டிவாக்கம்
26-8-2025

அன்புள்ள வலியுல்லாவுக்கு,

முழங்கால் வீங்கிவிட்டது. கண்காட்சியில் ஒரு நாள் முழுக்க நின்றால் வீங்காதா? ஜானு எண்ணெய் தடவிக்கொண்டே, "நன்னா வேணும்" என்கிறாள்.

உன்னிடம் ஒரு புகார் இருக்கிறது. அன்று கூட்டத்தில் சொல்ல முடியவில்லை. உன் சீட்டு எனக்கு மனப்பாடம்:

"நான்கு மோன். இருபத்தொரு அலை. 1768. கிடைப்பது அரிது. புளி போட்டுத் துலக்கிவிட்டோம். காசும் தப்பும் எங்கள் இருவருடையவை. வலியுல்லா, கிருஷ்ணன்."

"துலக்கிவிட்டோம்" என்று எழுதியிருக்கிறாயே, அதில் நீ எங்கே வந்தாய்? புளியைக் கண்ணால் பார்த்தாயா? நான் இத்தனை வருஷம் எழுதியதில் ஒரு பொய் கிடையாது. நீ எழுதிய முதல் சீட்டிலேயே கூசாமல் ஒன்றை வைத்துவிட்டாய். திருத்தத்தான் பேனாவை எடுத்தேன், நீ பார்த்திருப்பாய். "பேனாவை உள்ள வையுங்கோ" என்றாள் ஜானு. வைத்துவிட்டேன். பிறகு கண்ணாடியைத் துடைத்தேன். அழுக்காக இருந்தது.

நான் பயந்தது நடந்தது. சேரன் பத்துப் பேர் நடுவில், "கிச்சா சார், நீங்களுமா?" என்று கேட்டார். என்ன பதில் வரும் என்று உன் முகத்தைப் பார்த்தேன். நீ வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தாய். "ஆமாம்" என்றேன். அவ்வளவுதான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதற்குள் ஜானு முன்னால் வந்து எவ்வளவு புளி, எவ்வளவு நேரம் என்று பெண்களுக்கு விவரம் சொல்ல ஆரம்பித்துவிட்டாள். நம் மேசையில் அவ்வளவு கூட்டத்தை நான் பார்த்ததில்லை. காசைத் துலக்கக் கூடாது என்று நான் தொண்டை வறளக் கத்தியபோது யாரும் இப்படிக் கேட்டதில்லை. உன் அட்டையை ஒரு தடவை படித்துவிட்டு எல்லோரும் தலையாட்டிக்கொண்டு போனார்கள்.

செப்டம்பர் முதல் வாரம் மயிலாப்பூருக்குத் திரும்புகிறோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் வருவேன். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம், இப்போதெல்லாம் நான் எடுக்கத்தான் செய்கிறேன். ஆனால் தபால்காரர் வருகிற நேரத்துக்குக் கீழே போய் நிற்கப் பழகிவிட்டேன். ஸ்ரீநாத் கேலி செய்கிறான். காவலாளி நாற்காலி போட்டுத் தருகிறார்.

நான் அங்கே வருவதற்குள் ஒரு கடிதம் போடு. எதைப் பற்றியானாலும் சரி. அவசரப்படாமல், நீ எழுதுகிற வேகத்திலேயே எழுது.

உன்
கிச்சா